ஏணி ஆல்பத்தின் ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பு வாங்கலாமா?

டீ வருவதற்குள் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், ஐயா. வாங்கலாம்.

உங்கள் எழுத்தர் கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்பிக்கொண்டிருந்தபோது நீங்கள் கொஞ்சம் கூச்சத்தோடுதான் கேட்டீர்கள். "தப்பா நினைச்சுக்காதீங்க சார், அந்த அம்பதாம் வருஷப் பெட்டி வாங்கலாமா? எங்க அண்ணன் பழசே போதும்ங்கறார்." எனக்கு மனம் நிறைந்துவிட்டது. காலையிலிருந்து இந்தக் கட்டடத்தில் ஆளாளுக்கு என்னை என்னென்னவோ கேட்கிறார்கள். என் தொழில் சம்பந்தமாக ஒருவர் கேட்டது இதுதான் முதல் தடவை. ஆனால் ஏன் வாங்கலாம் என்று சொல்லப்போனால் உங்களுக்கு வேண்டிய வாக்குமூலமும் அதோடு சேர்ந்தே வந்துவிடும். அதனால் எழுத்தரை இப்போதே எழுத ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

பழைய ராக் ஆல்பங்களை ரீமிக்ஸ் செய்வது என் தொழில். ரீமிக்ஸ் என்றதும் விருந்துகளில் குதிக்கிற வகையை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பாட்டைப் பதியும்போது டிரம்ஸ், கிதார், குரல் எல்லாம் டேப்பில் தனித்தனித் தடமாக ஏறும். எது முன்னால் நிற்க வேண்டும், எது பின்னால் ஒதுங்க வேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்து கலந்து கொடுப்பார். அவர் ஐம்பது வருஷத்துக்கு முன்னால் கலந்துவைத்ததை நான் எடுத்து, அந்தத் தடங்களிலிருந்தே மறுபடி கலக்கிறேன். யாரும் கேட்டுக்கொள்ளாத உதவி என்று சிலர் சொல்வார்கள். கம்பெனி கேட்டுக்கொள்கிறது, சம்பளமும் தருகிறது.

ஒரே ஆல்பத்தை ஒரே மனிதனிடம் எத்தனை தடவை விற்கலாம் என்பதில் இந்தத் தொழில் வெகு தூரம் போய்விட்டது. இருபதாம் ஆண்டுக்குச் சத்தத்தைக் கூட்டி விற்றார்கள். முப்பதாம் ஆண்டுக்கு, இசைக்குழுவே நல்லாயில்லை என்று குப்பையில் போட்ட பாட்டுகளைப் பொறுக்கி வந்து சேர்த்தார்கள். நாற்பதாம் ஆண்டுக்குப் பெட்டி வந்தது. பெட்டிக்குள் ஒரு சாவி வளையம், கண்ணாடி டம்ளருக்கு அடியில் வைக்கிற அட்டை நாலு, அந்தக் காலத்துக் கச்சேரி டிக்கெட்டின் நகல் ஒன்று. அசல் டிக்கெட்டை மேசை இழுப்பறையில் வைத்திருந்தவரும் அந்த நகலுக்காக வரிசையில் நின்றார். புதிய மொந்தையில் பழைய கள் என்பார்கள். இங்கே விலை முழுக்க மொந்தைக்குத்தான். ஐம்பதாம் ஆண்டு வரும்போது பெட்டியில் போடுவதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது. அப்போதுதான் என்னைக் கூப்பிடுவார்கள்.

இதை வாங்குகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் தனி ஜாதி. பழைய பதிப்பில் டிரம்ஸ் தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி இருந்தால் அது காலத்தின் அழகு. நான் அதைச் சரி செய்தால் துரோகம். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். ஏணிக்கு முன்னால் மூன்று ஆல்பங்கள் செய்திருந்தேன். மூன்றுக்கும் இணையத்தில் தீர்ப்பு ஒன்றுதான், பழசு பழசுதான். ஒரு புண்ணியவான், கல்லறைக்கு வெள்ளையடித்திருக்கிறார் என்று எழுதினார். பெட்டி அவர் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்கு முந்தைய நாள் எழுதினார். வலித்தது ஐயா. அதை மறைப்பதில் எனக்கு லாபமில்லை.

அடுத்து வந்தது ஏணி. அதற்கு ஒரு பெரிய பெயர் உண்டு, ஆனால் அட்டையில் எதன்மேலும் சாயாமல் ஒரு ஏணி நிற்பதால் எல்லோரும் ஏணி என்றே சொல்வார்கள். இசைக்குழுவில் நாலு பேர். பாடகர் இறந்துவிட்டார். மிச்ச மூன்று பேரும் வக்கீல் மூலமாகத்தான் ஒருவருக்கொருவர் நலம் விசாரித்துக்கொள்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள் ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். அன்றைக்கு ஏணியை மிக்ஸ் செய்த இன்ஜினியர் கேட்டுச் சரி என்று சொன்னால்தான் புதுசு வெளியே வர வேண்டும், அவர் ஒப்புதலோடு வந்தது என்று பெட்டியின் முகப்பில் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும்.

அந்த இன்ஜினியர் என் மாமனார்.

கம்பெனியில் இந்த வெளியீடுகளைப் பார்த்துக்கொள்கிற அம்மாவுக்கு ஆண்டுவிழா அம்மா என்று பெயர் வைத்திருந்தோம். எந்த ஆல்பத்தையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார், வயதைச் சொல்வார். வருகிற மாதம் நமக்கு ஒரு நாற்பதும் ரெண்டு ஐம்பதும் இருக்கிறது என்பார். அவருக்கு ஒரே குஷி. மாமனார் வீட்டோடு இருக்கிறார், சாப்பாட்டு மேசையிலேயே காரியத்தை முடித்துவிடலாமே என்றார். அந்த அம்மாவுக்குக் கல்யாணமாகவில்லை என்று பிறகு தெரிந்தது.

அத்தை போனபிறகு மாமா எங்களோடு வந்துவிட்டார். சந்துப் பக்கம் ஜன்னல் வைத்த அறை அவருக்கு. தொந்தரவு இல்லாத மனிதர். பேப்பரை முதலில் அவர் பிரித்தாலும் கலையாமல் மடித்து எனக்காக வைத்துவிடுவார். என்னை மாப்பிள்ளை என்பதைத் தவிர வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. என்மேல் பிரியம் உண்டு. எனக்கும் அவர்மேல் உண்டு, இதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

வாழ்நாளெல்லாம் பெரிய ஸ்பீக்கருக்கு முன்னால் உட்கார்ந்ததில் அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. இரண்டு காதிலும் மெஷின். எந்தச் சத்தத்தை எவ்வளவு தூக்கிக் கொடுக்க வேண்டும் என்று அதைக் கம்ப்யூட்டரில் அமைக்க வேண்டும். காது மெஷின் கடைக்காரர் ஒருநாள் அதற்கான மென்பொருளையும் ஒயரையும் என்னிடமே கொடுத்துவிட்டார். நீங்களே சத்தத்தோடு பிழைக்கிறவர், பெரியவரை எதற்கு ஒவ்வொரு தடவையும் அலைய வைக்கிறீர்கள் என்றார். நியாயமான பேச்சு. என் மனைவிக்கு அதில் பெருமை. அப்பா காதை எங்க வீட்டுக்காரர்தான் பார்த்துக்கிறார் என்று போனில் உறவுக்காரர்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

வீட்டுக்குப் பின்பக்கம் என் ஸ்டுடியோ. ஏணியை முடித்ததும் மாமாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவருக்கு இதில் ஒரு முறை உண்டு. ஒரே பாட்டை இரண்டு விதமாகப் போட்டால் எது கொஞ்சம் சத்தமாக இருக்கிறதோ அதுதான் காதுக்கு நல்லதாகப் படும். எங்கள் தொழிலில் பாதிப் பேர் பிழைப்பது இதை வைத்துத்தான். மாமாவிடம் நடக்காது. சத்தத்தை அளக்கிற மீட்டர் முள்ளைப் பக்கத்தில் நின்று பார்த்து, பழசும் புதுசும் ஒரே அளவுக்கு வந்தபிறகுதான் உட்காருவார். நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்வார்.

"எது எதுன்னு சொல்லாதீங்க மாப்பிள்ளை. போடுங்க."

இரண்டையும் கேட்டார். பழசைத் தேர்ந்தெடுத்தார். அதோடு விட்டிருக்கலாம். விளக்கமும் சொன்னார்.

"எல்லாம் நல்லாக் கேக்குது. அதுதான் இடிக்குது. அன்னிக்கு நாலு பேரும் ஒரே ரூம்ல இருந்தாங்க மாப்பிள்ளை. இதுல ஆளுக்கொரு ரூம்ல இருக்காங்க."

மாற்றினேன். மறுபடி கூட்டிக்கொண்டு வந்தேன். பழசு. திரும்ப மாற்றினேன். பழசு. ஒவ்வொரு தடவையும் ஏதோ அவர் தப்புச் செய்துவிட்டது போல என்னிடம் வருத்தம் தெரிவிப்பார். பிறகு உள்ளே போய் எனக்கு டீ போட்டுக் கொண்டுவந்து கொடுப்பார். அவர் கத்தியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அந்த டீயைத்தான் என்னால் மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

ஆண்டுவிழா அம்மா தேதி குறித்துவிட்டார். ஐம்பது என்றால் ஐம்பதுதான், ஐம்பத்தொன்றில் யாரும் பெட்டி வாங்க மாட்டார்கள். நானும் நன்றாக யோசித்துப் பார்த்தேன். ஸ்பீக்கரில் ஒன்றும் செய்ய முடியாது, அவர் காதுக்குத் தப்பாது. மீட்டரில் ஒன்றும் செய்ய முடியாது, அவர் கண் அங்கேயே இருக்கும். மீதி இருப்பது காது. அதைப் பார்த்துக்கொள்கிறவன் நான்.

அந்த வாரம்தான் என் மனைவி, அப்பாவுக்கு மெஷின் கீச்சுக் கீச்சென்று கத்துகிறதாம், கொஞ்சம் பாருங்கள் என்று ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டுக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். நானாகப் போய்க் கேட்டு வாங்கவில்லை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

விஷயம் எளிது ஐயா. அந்த மெஷினில் இரண்டு அமைப்பு உண்டு. முதலாவது வீட்டுக்கும் தெருவுக்கும், இரண்டாவது பாட்டுக்கு. என் போனிலிருந்தே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றலாம். மாறும்போது காதில் சின்னதாக ஒரு டிங் கேட்கும், அதை நிறுத்திவிட்டேன். ஏணியில் கிதாருக்கு ஒரு கூர்மை உண்டு, கேட்டிருப்பீர்கள். சத்தத்தின் உயரத்தில் அந்தக் கூர்மை வருகிற இடம் ஒன்று இருக்கிறது. பேச்சில் ச, த என்று எழுத்துகள் தெளிவதும் அந்தப் பக்கத்தில்தான். கெட்டில் விசில், வாசல் மணி எல்லாம் அக்கம்பக்கம்தான். முதல் அமைப்பில் அந்த இடத்தைக் குறைத்தேன். ஒரேயடியாக இல்லை, சுத்தம் செய்கிற சாக்கில் வாங்கி, ஒவ்வொரு தடவையும் துளித்துளியாக. மனித மூளை நல்ல மூளை, சிறுகச் சிறுகக் குறைத்தால் குறைந்ததே தெரியாமல் பழகிக்கொள்ளும். இரண்டாவது அமைப்பில் கை வைக்கவில்லை. அது அவருடைய சொந்தக் காது. பழசு ஓடும்போது முதலாவது, என்னுடையது ஓடும்போது இரண்டாவது. இவ்வளவுதான் செய்தது.

அடுத்த பரிசோதனையில் மீட்டரைப் பார்த்தார், உட்கார்ந்தார், சுவரைப் பார்த்துக்கொண்டார். பழசு ஓடியது. கை காதுக்குப் போனது. "என்னமோ கம்பளியப் போட்டு மூடின மாதிரி இருக்கே" என்றார். என்னுடையது ஓடியது. தலையை நிமிர்த்தினார். "இது தெளிவா இருக்கு."

நாற்காலியைத் திருப்பி, மாமா, முதலில் போட்டது உங்களுடையது என்றேன். தன் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பிப் பார்த்தார். "அப்படியா" என்றார். அன்றைக்கு டீ போடவில்லை. கடைசியில் உண்மையை ஒப்புக்கொள்ள ஆரம்பித்துவிட்டார் என்று நான் புரிந்துகொண்டேன்.

வீட்டில் சில சின்ன அசௌகரியங்கள் வந்தன. மனைவி ஒன்று சொன்னால் அவர் ஒன்று பதில் சொல்வார். கெட்டில் கத்திக் கத்தித் தண்ணீர் வற்றி அடி கருகியது. வாசல் மணியை யாரோ அழுத்திக்கொண்டே இருக்க, அவர் முன்னறையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இவள் பயந்துபோய் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். நானும் போனேன். டாக்டர் மெஷினைக் கழற்றச் சொல்லிவிட்டுத் தன் கருவியால் காதைச் சோதித்தார். போன வருஷம் இருந்தபடியே இருந்தது. நான்தான் காதைத் தொடவே இல்லையே. அப்படியானால் கோளாறு காதில் இல்லை, ஞாபகத்தில் என்று அவருக்குச் சந்தேகம். மெஷினை மாட்டச் சொல்லி, ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். மாமா அழகாக வரைந்தார். பிறகு சில வார்த்தைகளைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொன்னார். முதல் அமைப்பில் அந்த வார்த்தைகள் எப்படி விழுந்திருக்கும் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். மாமா இரண்டு சொன்னார். அதுவும் டாக்டர் சொல்லாத இரண்டு.

ஞாபக மறதியின் தொடக்கம் என்று டாக்டர் மெதுவாகச் சொன்னார். மாமாவுக்கு அது கேட்கவில்லை, எங்கள் முகத்தைப் பார்த்து மாறி மாறிச் சிரித்தார். வண்டியில் வரும்போது என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் ஆறுதல் சொன்னேன், வயதானால் வருவதுதானே என்று. போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது. ஆனால் அடுத்த வாரம் கம்பெனியிலிருந்து படம்பிடிக்க வருவதாக இருந்தார்கள், நடுவில் எதையும் கலைக்க நான் விரும்பவில்லை.

படம்பிடிக்க வந்த அன்று, அவர்கள் கிளம்பும்வரை மட்டும் இரண்டாவது அமைப்பு. மாமா எல்லாக் கேள்விக்கும் டக் டக்கென்று பதில் சொன்னார். பாடகரை ஒருநாள் முழுக்கக் குளியலறையில் நிறுத்திப் பாட வைத்த கதையைச் சொல்லி அவர்களைச் சிரிக்க வைத்தார். மறதி என்றார்களே, எவ்வளவு கூர்மையாக இருக்கிறார் என்று ஆண்டுவிழா அம்மா வியந்துபோனார். கடைசியில் ஒப்புதலைக் கேட்டார்கள். மாமா கேமராவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"இது என் மாப்பிள்ளை பண்ணது. இது வெளிய வரணும்."

நீங்களும் பார்த்திருப்பீர்கள், எல்லா இடத்திலும் ஓடியது. பெட்டி வந்தது, ஸ்டிக்கரும் வந்தது. கல்லறைக்கு வெள்ளையடித்தவன் என்று எழுதினாரே, அவர் இப்போது மூலவரே ஒத்துக்கொண்டபிறகு நாம் யார் என்று எழுதினார். என் கலவையில் அவருக்கு நாலு பேரும் ஒரே அறையில் இருப்பதாகத் தோன்றியதாம். காதால் கேட்கிறவர்கள் இந்த உலகத்தில் குறைச்சல், ஐயா. ஸ்டிக்கரால் கேட்கிறவர்களே அதிகம்.

வேலை முடிந்தபிறகு ஏன் பழையபடி மாற்றி வைக்கவில்லை என்று கேட்பீர்கள். வைக்கத்தான் இருந்தேன். ஆனால் மாமாவின் அறையில் ஏணியின் முதல் பதிப்பு இசைத்தட்டு இருக்கிறது, அவரிடமே ஒரு பிளேயரும் இருக்கிறது. காது திரும்பிய அன்று அதைத்தான் எடுத்துப் போடுவார். அதற்குள் பேட்டி எடுக்க வேறு வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். நல்ல காரியத்துக்கு நாலு நாள் தள்ளிப்போனால் என்ன என்று விட்டுவிட்டேன்.

அன்று காலை சாப்பிடும்போது என் மனைவி சொன்னாள்.

"டாக்டர் சொல்றது எனக்கு ஒப்பலங்க. அன்னிக்குப் படம் எடுத்தப்போ அவ்வளவு நல்லாப் பேசினாரே. மெஷின்லதான் ஏதோ இருக்கு. சாயங்காலம் கடையிலேயே கொடுத்துப் பாத்துடறேன்."

நல்ல யோசனை என்று சொன்னேன். கடைக்காரர் ஒயரைச் செருகினால் இரண்டு அமைப்பும் திரையில் அக்கம்பக்கமாக நிற்கும், குழந்தைக்குக்கூடப் புரியும். மாமாவிடம் போய், மெஷினைக் கொடுங்கள், துடைத்துத் தருகிறேன் என்று சைகையோடு கேட்டேன். "நடந்துட்டு வந்து தர்றேன் மாப்பிள்ளை" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

நான் அவர் அறை ஜன்னலில் நின்றேன். சந்தில் குப்பை வண்டி நின்றுகொண்டிருந்தது. முன்பெல்லாம் அது வந்தால் தெருவே அதிரும். இப்போது பேட்டரி வண்டி வாங்கியிருக்கிறார்கள். குப்பை வண்டியையும் ரீமிக்ஸ் செய்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், இன்ஜினை மொத்தமாக எடுத்துவிட்டார்கள். பின்னால் வரும்போது மட்டும் கீக் கீக் என்று கூவும். அந்தக் கூவல் எந்த இடத்தில் விழுகிறது என்று என் காதுக்கு உடனே தெரிந்தது. ஏணியின் கிதார் விழுகிற அதே இடம்.

யாரோ ஒரு வீட்டுக் குப்பைத் தொட்டி சாய்ந்து கிடந்தது. மாமா வண்டிக்குப் பின்னால் குனிந்து அதை நிமிர்த்திக்கொண்டிருந்தார். அவர் சுபாவம் அது. வண்டி கூவிக்கொண்டு பின்னால் வந்தது.

போன் என் கையில் இருந்தது. திரையில் ஒன்று, இரண்டு என்று இரண்டு வட்டம். கட்டைவிரல் இரண்டுக்கு மேலே இருந்தது. அழுத்தியிருந்தால் அவருக்கு அந்தக் கூவல் கேட்டிருக்கும். கூடவே சந்தில் இருந்த மிச்ச எல்லாமும் கேட்டிருக்கும், இத்தனை மாதமாகக் கேட்காத எல்லாமும். நடுத்தெருவில் ஒருவருக்கு உலகம் திடீரென்று திறந்துகொண்டால் அவர் சும்மா இருப்பாரா? அதுவும் சாயங்காலம் கடைக்குப் போகிற நாளில்? ஏணியை மிக்ஸ் செய்த மனிதர் அவர், அங்கேயே நின்று கணக்குப் போட்டுவிடுவார். ஸ்டிக்கர், பெட்டி, என் பெயர் எல்லாம் ஒரு டிங்கில் போயிருக்கும். அந்த டிங்கையும் நான்தான் நிறுத்தி வைத்திருந்தேன்.

நான் அழுத்தவில்லை.

கத்தியிருக்கலாமே என்பீர்கள். கத்தினால் அவருக்குக் கேட்காது, செவிடன் காதில் ஊதிய சங்கு. வண்டி ஓட்டியவருக்குக் கேட்டிருக்குமே என்பீர்கள். அது அப்போது எனக்குத் தோன்றவில்லை என்று சொல்லத்தான் நினைத்திருந்தேன். தோன்றியது, ஐயா. அதனால் ஓட்டுநரை விட்டுவிடுங்கள், அவர் மேல் போட்ட வழக்கு அநியாயம். அவருடைய வண்டி ஒழுங்காகக் கூவியது, நானே சாட்சி.

ஆஸ்பத்திரியில் மாமாவின் சட்டையையும் மெஷினையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்கள். என்னிடம் கொடு, நான் பத்திரமாக வைக்கிறேன் என்று மனைவியிடம் கேட்டேன். அவள் கொடுக்கவில்லை. அப்பாவுடையது என்று தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். பிறகு ஒருநாள் அதைத் தன் காதில் வைத்து விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவர் அறையில் உட்கார்ந்து, அவருடைய இசைத்தட்டைப் போட்டுக் கேட்டாள். மெஷினை அணைத்துத் திரும்பப் போட்டால் அது முதல் அமைப்பில்தான் தொடங்கும். அவளும் சின்ன வயதிலிருந்து அந்த ஆல்பத்தோடு வளர்ந்தவள். இசைத்தட்டை எடுத்து உறையில் போட்டாள். அடுத்த தடவை குப்பை வண்டி வந்தபோது கீழே போய்ச் சந்தின் ஓரமாக நின்றாள். ஜன்னலிலிருந்து பார்த்தேன். மெஷினைக் காதில் வைத்தாள், எடுத்தாள். மறுபடி வைத்தாள், எடுத்தாள்.

மேலே வந்து என்முன்னால் நின்றாள். அழுவாள் என்று பார்த்தேன். இரண்டு மெஷினையும் உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"இதை நீங்க போட்டுக் கேட்டிருக்கீங்களா? இதுல என் குரலே இல்லைங்க."

பிறகு இன்னொன்றும் சொன்னாள். உங்களிடமும் சொல்லியிருப்பாள், இருந்தாலும் என் வாயால் சொல்லிவிடுகிறேன். அந்த நாலாவது பரிசோதனைக்கு முதல் நாளே மாமா அவளிடம் பேசினாராம்.

"எனக்கு இப்பல்லாம் எதுவும் சரியாக் கேக்கலைம்மா. ஆனா ஏணி எனக்கு மனசுக்குள்ளயே ஓடும், அதுக்கு மெஷின் வேண்டாம். பழசுதான் நல்லாருக்கு. மாப்பிள்ளை ரொம்ப ஆசைப்படறார். நம்ம பிள்ளைதானே, நாளைக்கு அவர் எதைப் போட்டாலும் சரின்னு சொல்லிடப்போறேன்."

அப்படியானால் நான் எதையும் தொட்டிருக்கவே வேண்டியதில்லை என்று அவள் சொல்ல வருகிறாள். துக்கத்தில் இருக்கிறவர்கள் இப்படித்தான் எதையாவது சொல்வார்கள். நான் அவளைத் தப்பாக நினைக்கவில்லை. எனக்குத் தெரியும், மாமா அன்றைக்குத் தலையை நிமிர்த்தினார். தெளிவாக இருக்கிறது என்று அவர் வாயால் சொன்னார். இந்தத் தொழிலில் அதைவிடப் பெரிய காது கிடையாது.

ஆம், எல்லாம் நானாகச் செய்ததுதான். மெஷினை மாற்றியது நான், டாக்டர் முன்னால் வாயை மூடிக்கொண்டிருந்தது நான், ஜன்னலில் நின்று அழுத்தாமல் இருந்தது நான். எழுத்தர் எழுதி முடித்ததும் எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள்.

டீ நன்றாக இருக்கிறது. பெட்டியைத் தயங்காமல் வாங்குங்கள், ஐயா. உங்கள் அண்ணன் கேட்டுவிட்டு அப்போதும் பழசே மேல் என்றால் அவரோடு சண்டை போட வேண்டாம், வெறுங்காதில் கேட்கிறவர்களுக்கு அப்படித்தான் படும். உங்கள் மேசைமேல் அந்த உறைக்குள் மாமாவின் மெஷின் இருக்கிறது பாருங்கள். அதை மாட்டி, பழசை முதல் அமைப்பிலும் என்னுடையதை இரண்டாவதிலும் வைத்துக் கேட்கச் சொல்லுங்கள், என்னுடையதுதான் நன்றாக இருக்கும்.